பூனைக்கு முகம் வீங்கினால் முதலில் நேரத்தைக் கேளுங்கள்

சட்டி தட்டிய சத்தத்துக்கே ஓடிவரும் கடுவன் பூனை அன்று காலையில் வராது. தேடிப்போனால் விறகுக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருக்கும். ஒரு பக்கக் கன்னம் கொய்யாக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும், அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருக்கும். முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ பூனை வளர்க்கிற வீடுகளுக்கு இது புதிதில்லை. பார்த்தவுடன் கை போவது பனடோலுக்கும் டெற்றோலுக்கும்தான். இரண்டையும் அலுமாரியிலேயே விட்டுவிட்டு, வீட்டில் உள்ள எல்லாரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: இந்த முகம் கடைசியாக எப்போது சரியாக இருந்தது?

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வீங்கியிருந்தால் கொட்டு, பாம்புக்கடி, அல்லது மருந்து ஒவ்வாமை. சண்டை பிடித்து இரண்டு முதல் நான்கு நாள் கழித்து வீங்கினால் சீழ்க்கட்டு. வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்திருந்தால் பல், உதட்டுப் புண், பூஞ்சணம், கட்டி என்று வேறு திசையில் தேட வேண்டும். வீக்கத்தின் தோற்றம் ஏமாற்றும், நேரம் அவ்வளவாக ஏமாற்றாது.

தொடுவதற்கு முன்

பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஓய்வாக இருக்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இருக்கும். 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து நாய்போல் இளைத்தாலோ, கழுத்தை நீட்டி மூச்சுக்குப் போராடினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே வாகனம் பிடியுங்கள். முரசு (பல்லின் ஈறு) வெளிறி, நீலமாகி அல்லது மண்ணிறமாக மாறியிருந்தாலும், கண் முன்தள்ளி நின்றாலும், பூனை தள்ளாடினாலும் அப்படியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீணி ஒழுக, தாடை தொங்க, காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிற பூனையின் வாய்க்குள் கை வைக்காதீர்கள். பல் நோவிலும் வீணி வடியும்தான், ஆனால் விசர்நோயை (ரேபிஸ்) வெளியில் பார்த்து ஒருவராலும் இல்லையென்று சொல்ல முடியாது. பிடிக்கும்போது கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். விசர் இல்லாவிட்டாலும் பூனைக்கடி ஒரு நாளுக்குள் கையை வீங்கவைக்கக்கூடியது.

பிடித்துப் பார்த்தல்

இரண்டு பேர் வேண்டும். தடித்த துவாயை மேசையில் விரித்து, பூனையை நடுவில் இருத்தி, நான்கு காலும் உள்ளே போக ரொட்டி சுருட்டுவதுபோல் சுற்றுங்கள். தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஒருவர் சுற்றிய உடம்பை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மற்றவர் பார்க்கலாம். முகம் வீங்கிய பூனையைக் கழுத்துத் தோலில் தூக்கக்கூடாது. இழுபடும் தோலுக்குக் கீழேயே சீழ் இருக்கக்கூடும்.

மேல் உதட்டை விரலால் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது. விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். பிறகு வீக்கத்தைப் புறங்கையால் தொடுங்கள். சூடாக, ஒரு பக்கத்தில் மட்டும், தொட்டவுடன் சீறினால் சீழ்க்கட்டின் குணம். மூக்கும் உதடும் கண்மடலும் இரு பக்கமும் மாவு பிசைந்ததுபோல் ஊதி, விரல் வைத்த இடம் குழிந்தால் நீர்வீக்கம், அதாவது ஒவ்வாமை அல்லது நஞ்சு. கல்லுப்போல் எலும்போடு ஒட்டி, நோவில்லாமல் இருந்தால் அது பழைய விஷயம். காது மட்டும் தலையணைபோல் புடைத்திருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். காதுப் பூச்சிக்காகத் தலையை உதறி உதறி வருவது அது, அதைக் குத்தக்கூடாது.

கடித்த துளையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உலர்ந்த மயிரில் ஒன்றும் தெரியாது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வீக்கத்தின் மேல் மயிரை ஈரமாக்கி, விரலால் வகிடு எடுத்துப் பாருங்கள். மிளகளவு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றி மயிர் ஒட்டி நிற்கும். பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெல்லியது. உள்ளே ஆழமாக அழுக்கை இறக்கிவிட்டு வெளியே சின்னத் துளையை மட்டும் விடும். அந்தத் துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகும். சண்டைக்காயம் சண்டை நடந்த அன்றைக்கு வீங்காமல் மூன்றாம் நாள் வீங்குவது இதனால்தான்.

காய்ச்சல் பார்ப்பதானால் டிஜிட்டல் தெர்மோமீற்றரின் நுனியில் தேங்காயெண்ணெய் பூசி, மலவாயிலில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு மெதுவாக விட வேண்டும். 38.0 முதல் 39.2 பாகை சாதாரணம். மனிதருக்குக் காய்ச்சலான 38.5 பூனைக்கு நல்ல உடம்பு. 39.5க்கு மேல் போனால் காய்ச்சல். 37.5க்குக் கீழே இறங்கியிருந்தால் அது இன்னும் மோசம், உடம்பு தளர்ந்துபோகிறது என்று பொருள். அந்தத் தெர்மோமீற்றரில் நூல் கட்டிப் பூனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சீழ்க்கட்டு

மிக அதிகம் காண்பது இதைத்தான். நலமடிக்காத (விதை நீக்காத) கடுவன்களுக்கே பெரும்பாலும் வரும். முன்னுக்கு நின்று சண்டை பிடித்தவனுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் முன்காலிலும், ஓடினவனுக்கு வாலடியிலும் இருக்கும். இடத்தைப் பார்த்தே கடுவனின் குணத்தைச் சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் வீக்கம் இறுக்கமாக இருக்கும். அப்போது வெந்நீர் ஒத்தடம் உதவும். சுத்தமான துணியை, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் தாங்கக்கூடிய சூட்டில் நனைத்துப் பிழிந்து, ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தரம் வையுங்கள். இரத்த ஓட்டம் கூடி, சீழ் ஒரு முனைக்குத் திரளும். நடுவில் தோல் மெலிந்து, தண்ணீர் நிரப்பிய பலூன்போல் அசைந்தால் பழுத்துவிட்டது. இந்த நிலையில் வைத்தியர் மயிரை வழித்து, கீழ்ப்பக்கத்தில் கீறி, சீழை வடியவிடுவார். கீழ்ப்பக்கம் என்பது முக்கியம். மேலே கீறினால் குளம் கட்டினதுபோல் அடியில் சீழ் தேங்கும்.

பிளேட்டை எடுத்து நீங்களே கீற வேண்டாம். கன்னத்துக்குள் முக நரம்பும் உமிழ்நீர்க் குழாயும் ஓடுகின்றன. நரம்பு அறுந்தால் கண் இமைக்காமலே போய்விடும். பிதுக்கவும் வேண்டாம். பிதுக்கிய சீழில் கொஞ்சம் வெளியே வரும், மிச்சம் கண்ணுக்குப் பின்னாலும் கழுத்துக்கும் பரவும்.

தானாக உடைந்தால் கழுவுவது உங்கள் வேலை. கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பு கலந்தால் உடம்பு நீருக்குக் கிட்டத்தட்டச் சமமான உப்புநீர். பார்மசியில் சேலைன் போத்தல் வாங்கினால் இன்னும் நல்லது. கையுறை போட்டு, சுற்றிவர மயிரை மழுங்கல் முனைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஊசி கழற்றிய 10 அல்லது 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் துளைக்குள் மெதுவாக உப்புநீரை விடுங்கள். முதலில் பழுப்பும் பச்சையுமாக, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்துடன் வரும். பிறகு இரத்தம் கலந்து வரும், கடைசியில் தெளிவாக வரும். தெளியும்வரை விடுங்கள். பொவிடோன் அயடின் சேர்ப்பதானால் அரை லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், வெறுந்தேத்தண்ணி நிறம் போதும், கண்ணில் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் கண்ணைக் கெடுக்கும் என்பதால் முகத்துக்கு அதைத் தவிருங்கள்.

பலர் பிழைவிடுவது இதற்குப் பிறகு. புண் காய்ந்தது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவார்கள். வாய் மூடி உள்ளே மிச்சம் இருந்தால் ஐந்தாறு நாளில் அதே இடம் திரும்ப வீங்கும். மூன்று முதல் ஐந்து நாளைக்குக் காலையும் மாலையும் ஈரத்துணியால் பொருக்கைக் கனியவைத்து எடுத்து, துளையைத் திறந்தே வைத்துக் கழுவுங்கள். பஞ்சைத் திணிக்காதீர்கள், ஒரு நூல் உள்ளே தங்கினாலே புதுச் சீழுக்கு விதை. ஈ மொய்க்கிற காலமென்றால் பூனையை அறைக்குள் வையுங்கள். புண்ணுக்குள் அரிசிபோல் ஏதாவது நெளிந்தால் புழு. அதற்குக் கற்பூரம், டேர்பன்டைன், மண்ணெண்ணெய் என்று மாட்டுக்குச் செய்கிறதைப் பூனைக்குச் செய்யக்கூடாது. மூன்றும் பூனைக்கு நஞ்சு. உப்புநீரால் கழுவி, தெரிகிற புழுவைச் சாமணத்தால் எடுத்துவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

காய்ச்சலோ, சாப்பிடாமையோ, முகத்தில் ஆழமான காயமோ இருந்தால் அன்ரிபயோட்டிக் வேண்டும். வைத்தியர்கள் வழமையாக எழுதுவது அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்தது. இரண்டும் சேர்த்துக் கிலோவுக்கு 12.5 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருதரம். நான்கு கிலோப் பூனைக்கு 50 மில்லிகிராம். வீட்டில் கிடக்கும் 625 மில்லிகிராம் குளுசையைப் பன்னிரண்டாக உடைக்க யாராலும் முடியாது. ஆகவே 5 மில்லிலீற்றரில் 156 மில்லிகிராம் உள்ள குழந்தைகள் பாணியை எழுதினால், கணக்கு 1.6 மில்லிலீற்றர் வரும். அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், இந்தக் கணக்கு அவர் சொன்னதைச் சரிபார்க்க. தண்ணீர் கலந்த பாணி குளிர்சாதனப் பெட்டியில் ஏழு நாள்தான் தாங்கும். நிறை தெரியாவிட்டால், பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். டொக்சிசைக்கிளின் குளுசை கொடுத்தால் பின்னால் 5 மில்லிலீற்றர் தண்ணீர் பருக்குங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். சொன்ன நாள் முடியும்வரை நிறுத்தாதீர்கள்.

கொட்டு

பூனைக்கு அசைகிற எதையும் தட்டிப்பார்க்கும் புத்தி. குளவி, தேனீ, மட்டத்தேள் எல்லாம் மூக்கிலும் உதட்டிலும் முன்பாதத்திலும்தான் கொட்டும். சிறிது நேரத்திலேயே உதடு தடித்து, கண் சுருங்கி, பாதத்தால் முகத்தைத் தேய்க்கத் தொடங்கும். தேனீக் கொடுக்கு தெரிந்தால் அட்டை விளிம்பால் வழித்தெடுங்கள். இங்கே வெந்நீர் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, திரும்ப வையுங்கள்.

வீக்கம் மட்டும்தான், மூச்சு நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு நாளில் வற்றும். குளோர்பெனிரமின் குளுசை, அதாவது பிரிட்டோன் 4 மில்லிகிராம், நான்கு கிலோப் பூனைக்கு அரைக் குளுசை என்று வைத்தியர் போனிலேயே சொல்லக்கூடும். கசப்பால் வாய் நுரைக்கும், அதைப் பார்த்து நஞ்சென்று பயப்படத் தேவையில்லை. சளிக்கென்று விற்கும் கூட்டுக் குளுசைகளில் பரசிற்றமோல் கலந்திருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். கொட்டிய கையோடு சத்தி எடுத்தாலோ, கழிந்தாலோ, மூச்சு இழுத்தாலோ அது உயிராபத்தான ஒவ்வாமை. பூனைக்கு அது நெஞ்சிலும் வயிற்றிலும்தான் முதலில் காட்டும். அதற்கு ஊசி மருந்துதான், வீட்டில் ஒன்றும் இல்லை.

பாம்பு

காலபோக வெள்ளாண்மை வெட்டுகிற மாதங்களில் எலியைத் தேடிப் பூனையும் வயலுக்குப் போகும், புடையனும் (கண்ணாடி விரியன்) போகும். புடையன் கடித்தால் வீக்கம் கண்ணுக்கு முன்னாலேயே ஏறும். தோல் கன்றி ஊதாவாகி, துளையிலிருந்து இரத்தம் உறையாமல் கசியும். முரசிலும் கசிந்தால் இரத்தம் உறையும் தன்மையே கெட்டுவிட்டது. கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது, பச்சிலை அப்புவது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். பூனையை அசையவிடாமல் பெட்டியில் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று வைத்தியர் பார்ப்பார். உறையாவிட்டால் புடையன் போன்ற விரியன் கடி என்று பலமாகச் சந்தேகிக்கலாம். நாகம் கடித்தால் வீக்கத்தோடு தள்ளாட்டமும் கண்மடல் தொங்கலும் வரும்.

கண்ணுக்குக் கீழே திரும்பத் திரும்ப

நடுத்தர வயதைத் தாண்டிய பூனைக்கு, ஒரு கண்ணுக்கு நேர் கீழே, மருந்து கொடுத்தால் வற்றி, விட்டால் வருகிற வீக்கம் என்றால் மேல்தாடைப் பெரிய பல்லின் வேரைச் சந்தேகியுங்கள். வாய் நாறும், ஒரு பக்கத்தால் மட்டும் சப்பும், தீனை வாயில் எடுத்துவிட்டுப் போட்டுவிடும். அன்ரிபயோட்டிக் இதை அடக்கும், தீர்க்காது. பல்லைப் பிடுங்கினால்தான் முடியும். வாயைப் பார்க்கும்போது நாக்கின் அடியையும் பாருங்கள். மீன்முள்ளு, தூண்டில், நூல் சிக்கியிருக்கலாம். முல்லைத்தீவுக் கரையோரம் இது சாதாரணம். தொங்குகிற நூலை இழுக்காதீர்கள், மறுமுனை குடலில் இருந்தால் குடல் அறுபடும்.

மெல்ல வளர்பவை

கீழுதடும் நாடியும் தடித்துக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாடிப்பரு. பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டு வையுங்கள், பலதுக்கு அதுவே போதும். மாரியில் மூக்குத்தண்டிலும் காது நுனியிலும் பொருக்கும் தடிப்புமாக வருவது நுளம்புக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு வாரம் நுளம்புவலைக்குள் வைத்துப் பாருங்கள், குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. மூக்குத்தண்டு உயர்ந்து தும்மலோடு இருந்தாலோ, முடிச்சு முடிச்சாக உடைந்து ஆறாத புண்ணாக நின்றாலோ பூஞ்சணம் இருக்கலாம். இவற்றில் ஸ்போரோதிரிக்ஸ் என்பது கீறல் வழியாக மனிதருக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெள்ளைப் பூனையின் மூக்கிலும் காது நுனியிலும் வெயில் பட்டு ஆறாத புண், வயதான பூனையின் தாடையில் கல்லுப்போன்ற வீக்கம் இரண்டும் புற்றுநோயாக இருக்கக்கூடியவை. மூன்று வாரம் தாண்டிய எந்த வீக்கத்துக்கும் ஊசியால் உறிஞ்சிப் பார்க்காமல் ஸ்ரெரொயிட் போட வேண்டாமென்று கேளுங்கள். பூஞ்சணமாக இருந்தால் ஸ்ரெரொயிட் அதற்குத் தீனி. எக்ஸ்ரே, தசைத்துண்டுப் பரிசோதனை என்று வந்தால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நேரலாம். பெரிய சிக்கலுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

கொடுக்கக் கூடாதவை

பனடோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் போதாது. ‘கால் குளுசைதானே’ என்பார்கள். 500இல் கால் 125 மில்லிகிராம், நான்கு கிலோப் பூனைக்குக் கிலோவுக்கு 31 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. சில மணித்தியாலங்களில் முரசு மண்ணிறமாகி, முகமும் பாதமும் வீங்கும். கவனியுங்கள், முகம்தான் வீங்கும். கன்ன வீக்கத்துக்குக் கொடுத்த குளுசை முழு முகத்தையும் வீங்கவைக்க, முதல் வியாதி முற்றிவிட்டதென்று நினைத்து இன்னொரு கால் குளுசை கொடுப்பவர்களும் உண்டு. கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அசிற்றைல்சிஸ்ரெயின் என்ற மாற்றுமருந்து உண்டு, நேரம் போகப் போக அதன் பலன் குறையும்.

இபுபுரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் குளுசைகளும் வேண்டாம். டெற்றோலைத் தண்ணீரில் கலந்தாலும் பூனை அதை நக்கி உள்ளே எடுக்கும். நாய்க்கு உண்ணி மருந்தென்று வாங்கிய பெர்மெத்திரின் கொஞ்சம் பட்டாலே வலிப்பு வரக்கூடும். வேப்பெண்ணெயும் முகத்தில் பூசக்கூடாது.

கொண்டுபோதல், பார்த்துக்கொள்ளல்

உரப்பைக்குள் போட்டுக் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற பழக்கத்தை விடுங்கள். மூக்கடைத்த பூனை ஏ9 வீதி வெயிலில் அதற்குள்ளேயே மூச்சுத்திணறும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அல்லது வாயில் வலை கட்டிய கடகம் போதும். அரச கால்நடை வைத்தியர் மாடு பார்க்கக் கிராமத்துக்குப் போயிருக்கக்கூடும், ஆகவே காலையிலேயே போன் எடுத்துக் கேளுங்கள். வீக்கத்தை நேர்முன்னாலும் பக்கத்தாலும் படம்பிடித்து, நூலால் அளந்து வைத்தால் நாளைக்குக் கூடினதா குறைந்ததா என்று வாதம் வராது.

முகம் வீங்கிய பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாத பூனை சாப்பிடாது. மீனை உப்பும் வெங்காயமும் உள்ளியும் போடாமல் அவித்து, முள்ளெடுத்து மசித்து, கைச்சூட்டில் வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். கொழுத்த பூனை இரண்டு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பேறும், குட்டியென்றால் ஒரு நாளே அதிகம். புண்ணைப் பிறாண்டினால் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கூம்பாகச் சுற்றிக் கழுத்தில் கட்டுங்கள். விளிம்பு மூக்கைத் தாண்டி இரண்டு விரற்கடை நிற்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கடிபட்ட கடுவன்களுக்கு எப்.ஐ.வி. என்ற, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரசும் தொற்றக்கூடும். அது மனிதருக்கு வராது. சீழ்க்கட்டு வருடத்தில் மூன்றாம் தரம் வந்தால் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஆறு மாத வயதளவில் நலமடித்தால் சண்டையும் அலைச்சலும் வெகுவாகக் குறையும். வளர்ந்த கடுவனுக்குச் செய்தாலும் பழக்கம் மாறச் சில வாரம் எடுக்கும். மூன்று மாத வயதில் விசர்த் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை கன்னம் வீங்கி வைத்தியரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.